மாத்திரை வேண்டாமென்ற அம்மா

ஜூன் 3, பிற்பகல்

அன்பு மகளுக்கு,

இடுப்பு மூட்டை மாற்றிவிட்டார்கள். மயக்க டாக்டர் தொடைக்கு மேலே நரம்பருகே ஓர் ஊசி போட்டார். கால் இருக்கிறதா என்று கையால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். வலி துளிகூட இல்லை. இந்த வார்டு நர்ஸ் மாத்திரையோடு வந்து உயிரை எடுக்கிறாள். வலிக்காதவளுக்கு எதற்கு மாத்திரை? திருப்பி அனுப்பிவிட்டேன். நீ வர வேண்டாம், டிக்கெட்டை ரத்து செய். மெயிலிலேயே எழுது. போனில் கூப்பிடாதே, என் குரலைக் கேட்டதும் விசாரணையை ஆரம்பித்துவிடுவாய்.

அன்புடன்,
அம்மா

ஜூன் 3, மாலை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன்னோடு மல்லுக்கட்டியே எனக்குத் தலை நரைத்துவிட்டது. நானும் பதினெட்டு வருஷமாக நர்ஸ்தான், ஞாபகம் இருக்கிறதா? அந்த ஊசி ஒரு நாள் தாங்கினால் பெரிது. அந்த மரப்பு விடுவதற்கு முன்பே மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். தனியாக எழுந்திருக்காதே, கால் மடங்கிவிடும்.

அப்பா படுத்திருந்தபோதும் "ஒன்றுமில்லை, வராதே" என்றுதான் எழுதினாய். நம்பித் தொலைத்தேன். அவர் போன பிறகு வந்து அவர் சட்டைகளைத்தான் மடித்துவைத்தேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

மகள்

ஜூன் 4, காலை

மகளுக்கு,

அப்பாவை இதில் ஏன் இழுக்கிறாய்? உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று அவர்தான் சொன்னார். எனக்கு ஒரு குறையும் இல்லை. கட்டைவிரல்கூட அசைகிறது. டிக்கெட் என்னாயிற்று?

அம்மா

ஜூன் 4, மதியம்

கண்ணு,

ஊசி விட்டுவிட்டது. நர்ஸைக் கூப்பிட்டு நானே மாத்திரை கேட்டேன். "நேத்தே சொன்னேனேம்மா" என்றாள். மாத்திரையை விழுங்கினேன். வேலை செய்யக் கொஞ்ச நேரம் ஆகுமாம். பக்கத்துக் கட்டிலில் மகள் தலையணையைச் சரிசெய்கிறாள். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

காலையில் எழுதியது பொய். அப்பா உன்னைத்தான் கேட்டார். "வலிக்குது, அவள வரச்சொல்லு"ன்னார். எல்லாம் சரியாகிவிடும் என்று நான்தான் அதை எழுதாமல் விட்டேன். பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

இதைப் படித்த பிறகும் வர மனமிருந்தால் வா. ரொம்ப வலிக்கிறது.

அம்மா

ஜூன் 4, மாலை

அம்மா,

விமான நிலையத்தில் உட்கார்ந்து படித்தேன். நாலு பேர் பார்க்க அழவைத்துவிட்டாய், அதற்கும் சேர்த்துக் கோபம். டிக்கெட்டை நான் ரத்து செய்யவே இல்லை. உன் பேச்சை இரண்டாம் தடவையும் நம்ப எனக்கென்ன பைத்தியமா?

அப்பாவுக்காக உன்னோடு பெரிய சண்டை இருக்கிறது. அதற்கு நீ நிமிர்ந்து உட்கார வேண்டும். அடுத்த மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள். காலையில் வந்து தலையணையை நான் சரிசெய்கிறேன்.

உன் மகள்