போன வாரத்து மஞ்சள் விலை

12-3-99, வெள்ளி. விஜயநகர்.

ஹனூர் பக்கத்துக் கிராமத்தில் விவசாயிகளுக்கு இன்டர்நெட்டை இயக்கிக் காட்ட ஆபீசிலிருந்து போனோம். அதற்கென்றே இழுத்த டெலிபோன் லைன் காலையிலேயே செத்துக் கிடந்தது. மேலதிகாரி வருவதற்குள், ஜீப்பில் கிடந்த போன வாரப் பேப்பரைப் பார்த்துச் சந்தை விலைகளை நானே கம்ப்யூட்டரில் அடித்து வைத்தேன்.

மாரப்பன் என்ற விவசாயி எழுந்தார். "ரோடுன்னீங்க, வரலை. இதுல எத்தனை கோடி முழுங்கப் போறீங்க? ஈரோட்டுல இன்னைக்கு மஞ்சள் என்ன வெலைன்னு சொல்லுமா உங்க பொட்டி?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பட்டனைத் தட்டினேன். விலை வந்தது. ஊரே கைதட்டியது.

"இன்னைக்கு வெலைதானுங்களா சார்?"

"ஆமாம்" என்றேன்.

"தப்பாப் பேசிட்டனுங்க. விடியறப்பவே மூட்டைய ஏத்தி அனுப்பீர்றனுங்க." எல்லார் முன்னாலும் என்னைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து இன்றைய பேப்பரைப் பார்த்தேன். மஞ்சள் விலை விழுந்துவிட்டது.

நாளை முதல் பஸ்ஸைப் பிடித்தாலும், நான் போய்ச் சேர்வதற்குள் அவர் வண்டி கிளம்பியிருக்கும். போன் செய்யலாமென்றால், அந்த ஊருக்கு இருப்பது ஒரே லைன். அது செத்துக் கிடப்பதை மறைத்தவன் நான்தான்.