இன்றைய முகம்

சிங்கப்பூரில் எனக்காக வீடு தேடிக்கொண்டிருக்கும் செல்லத்துக்கு,

இந்தத் தேயிலைத் தோட்ட வேலையில் எனக்கு வந்த சலிப்பு நோயாளிகளைத் தொடாது என்று உன்னிடம் சொன்னேன். தொடுகிறது.

கிளினிக் வாசலில் ஒரு வழக்கமாம். நர்ஸ் கங்கா இன்றுதான் சொன்னாள். முதலில் வெளியே வருபவரிடம், "இன்னிக்கு டாக்டர் மூஞ்சி எப்படி லா?" என்று காத்திருப்பவர்கள் கேட்பார்களாம். சரியில்லை என்றால், எந்த நோய் இருந்தாலும் எல்லோரும் என்னிடம் சொல்வது வெறும் இருமல்தான்.

நேற்றுக் காலை நீ போனில் தோசை கருகிய கதையைச் சொன்னாய். அந்தச் சிரிப்போடு உட்கார்ந்திருந்தேன். கொழுந்து பறிக்கும் நீலாவதி அக்கா இருமல் மருந்தை வாங்கிக்கொண்ட பிறகும் எழவில்லை.

"நெஞ்சும் வலிக்குது டாக்டர். போன வாரமே சொல்லியிருப்பேன். நீங்க பாவம், களைச்சுப் போயிருந்தீங்க."

உடனே ஆம்புலன்ஸில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிழைத்துக்கொண்டார்.

இப்போதைக்கு வீடு தேட வேண்டாம்; நான் இங்கேயே இருக்கிறேன். கோபித்துக்கொண்டாலும் தினமும் காலையில் கூப்பிடு. எதையாவது கருக்கிவிட்டு.

உன் சிடுமூஞ்சி