முன்வேலியில் காய்ந்த துணிகள்

இன்று காலை பேத்தியின் குழந்தையைத் தூக்கியதும் அந்த மணம் மூக்கில் ஏறியது. அடைமழைக்கு வீட்டுக்குள்ளேயே கொடி கட்டி, அரைகுறையாகக் காயவைத்த துணியின் புளித்த மணம். சுவரில் மாலையோடு தொங்கும் உங்கள் படத்தைப் பார்த்து "இஞ்சருங்கோ" என்று வாய்விட்டே கூப்பிட்டுவிட்டேன். பெயர் சொல்லி உங்களை என்றைக்குக் கூப்பிட்டேன்?

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றக் காணியில் நாம் கழித்த இரண்டாவது மாரிகாலம் அது. மூத்தவள் கைக்குழந்தை. பின்வளவில் காட்டு மரங்கள் வெயிலை மறைத்தன. ரோட்டோரத்து முன்வேலியில்தான் வெயில் விழும். வயலுக்குப் போகும் ஆட்களெல்லாம் அந்த வழிதான். பிள்ளைக்கு அரையில் கட்ட உங்கள் பழைய வேட்டியைக் கிழித்த, கறை போகாத துண்டுகளை அங்கேயா விரிப்பது? என் தாய்வீட்டில் அந்த மாதிரித் துணிகளை ஆம்பிளைகளின் கண்ணில் படவே விடமாட்டார்கள். நெல்மூட்டை அடுக்கிய அறைக்குள் கொடி கட்டினேன். காயாததையே எடுத்துக் கட்டினேன்.

பிள்ளையின் தொடையிடுக்கு சிவந்தது. பிறகு தோல் உரிந்தது. சிவப்புத் தெரியக்கூடாதென்று பவுடரை அள்ளி அப்பினேன். அது ஈரத்தில் களியாகி ஒட்டிக்கொண்டது. சைக்கிளில் வந்த அரசாங்க மருத்துவிச்சியை, "இப்பதான் நித்திரையானவள்" என்று வாசல் படலையோடு திருப்பி அனுப்பினேன். பிள்ளையைத் துப்புரவாக வைத்திருக்கத் தெரியாதவள் என்ற பேர் வந்துவிடுமே என்ற வெட்கம். அந்த வெட்கத்தில் பிள்ளை கத்துவதுகூட எனக்கு எதிராகச் சாட்சி சொல்வதுபோல் கேட்டது.

ஒரு பின்னேரம் நீங்கள் வயலால் வந்து, வீரிட்டு அழுதவளை என் கையிலிருந்து வாங்கி முடிச்சை அவிழ்த்தீர்கள். நான் தடுத்தும் விடவில்லை.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"ஆக்கள் என்ன கதைப்பினம்?"

"கதைக்கட்டுமன். இவளுக்கல்லோ எரியுது."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நீங்கள் ஏசவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே மருத்துவிச்சியிடம் போனீர்கள். என் மானம் போச்சென்று குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதேன். வந்து அவா சொன்னதையெல்லாம் ஒப்புவித்தீர்கள்: பவுடர் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, கொஞ்ச நேரம் வெறுமேலாக விடவேண்டும், நனைந்த துணியை உடனே மாற்றவேண்டும், துணியில் சவுக்காரம் நிற்கக்கூடாது, வெயிலில் மொறுமொறென்று காயவேண்டும்.

மறுநாள் வெயில் எறித்தது. அறைக்குள் கிடந்ததையெல்லாம் நீங்களே அள்ளிக்கொண்டுபோய், சவுக்காரம் போகும்வரை அலசி, முன்வேலி நீளத்துக்கு விரித்தீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பக்கத்துக் காணிக்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

"என்னண்ணை, மனுசி உங்களைத் துணி தோய்க்க விட்டிட்டாவோ?"

"ஓமடாப்பா. பிள்ளையும் என்ர, வேட்டியும் என்ர."

அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு உடம்பு கூசியது. உள்ளே பாயில் மூத்தவள், அரையில் ஒன்றுமில்லாமல், காலை அடித்துக்கொண்டு கிடந்தாள். பல நாளைக்குப் பிறகு அழாமல் கிடந்தாள். மிச்சத் துணி இருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு நானும் வெளியே வந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. நீங்கள் விரித்ததை ஒதுக்கி வேலியில் இடம் விட்டீர்கள்.

புண் ஆறியது. அன்றோடு அம்மாவின் வெட்கமும் போய்விட்டது என்று நம் பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். அது எங்கே போனது? இன்றைக்கும் நாலு பேர் முன்னால் ஒரு துணியை உதறி விரிக்க என் முகம் சூடாகிறது.

கடைசியில் நீங்கள் படுக்கையில் விழுந்து, முதல்முதல் உங்கள் துணியை நான் மாற்றிய அன்று, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "வெக்கமாக் கிடக்கப்பா" என்றீர்கள். எனக்கும்தான் வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் சீலைத் துண்டை நனைத்துப் பிழிந்தேன்.