கயிறு பிடிக்கிற கேம்

என் பாசத்துக்குரிய அமலன் அத்தானுக்கு,

நாளைக்குக் கல்லறைத் திருநாள். உங்கள் கல்லறைக்கு நான் வரலாமா கூடாதா என்பது இன்று மத்தியானம் வரை முடிவாகாமல் கிடந்தது. உங்கள் பெண்டாட்டி, என் கூடப்பிறந்த மெர்சி அக்கா, நான் வரக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். காரணம் ஒரு வீடியோ கேம். சிரிக்காதீர்கள். நீங்கள் ஆரம்பித்து வைத்த வினைதான்.

நினைவிருக்கிறதா? கச்சான் காற்று அடித்து வள்ளம் கரையில் கிடக்கிற மாதங்களில் நாம் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து கிடப்போம். துப்பாக்கிச் சண்டைக் கேம். நான் ஓடி ஓடிச் சுட்டு, சுடப்பட்டுச் செத்துக்கொண்டே இருப்பேன். நீங்கள் புல்லுக்குள் குப்புறப் படுத்தால் எழும்பவே மாட்டீர்கள். கடலுக்குள் முங்கிச் சங்கு எடுக்கிற மனுசன் போனுக்குள் இப்படிப் பயப்படுகிறாரே என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். கேட்டால், சுட்டவனெல்லாம் செத்துட்டான், நான் இருக்கேன்லா என்பீர்கள். அக்கா அடுப்படியிலிருந்து நம் இரண்டு பேரையும் சேர்த்து வைவாள்.

அப்படி ஒருநாள்தான் போனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னீர்கள். "ஏலே மாப்ள, காரு ஓட்ட கேம் இருக்கு, பந்து விளையாட இருக்கு, வெவசாயம் பாக்கக்கூட இருக்கு. நம்ம தொழிலுக்கு ஒருத்தனும் போடலையே. நீ போடேன்." கம்ப்யூட்டர் என்றால் டைப் அடிப்பது என்று நினைத்திருந்தவன் நான். சரி என்று சும்மா தலையை ஆட்டி வைத்தேன்.

நீங்கள் போன பிறகு நான் கடலுக்குப் போகவில்லை. இப்போது துறைமுகத்துப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறேன். சங்கு எடுக்க முங்குகிற வேறொரு குளியாளிக்குக் கயிறு பிடிக்கக் கூப்பிட்டார்கள். மனசு வரவில்லை. உங்களுக்குத் தெரியாததா? நம் பக்கம் முங்குகிறவனுக்குக் கயிறு பிடிக்க மச்சினனைத்தான் கூட்டிப்போவார்கள். கூடப்பிறந்தவளின் தாலிக்காகவாவது அவன் கண்ணை எடுக்காமல் பார்ப்பான் என்று கணக்கு. நானும் அப்படித்தான் பார்த்தேன். உங்களைக் கடல் எடுக்கவில்லை. வள்ளத்தைக் கட்டிப்போட்டு, பைக்கில் வீட்டுக்குப் போகிற வழியில் லாரி எடுத்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

யார்டில் வேலை முடிந்து வந்தால் பொழுது போகாது. யாரோடும் பேசப் பிடிக்காது. ஒரு பழைய லேப்டாப்பை வாங்கி, வீடியோ பார்த்துப் பார்த்து நிரல் எழுதப் பழகினேன். இதை வைத்துப் பிழைக்கவா போகிறேன்? சும்மா ஒரு பொழுதுபோக்கு என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உங்களிடம் மறைப்பானேன், நீங்கள் கேட்ட கேமைத்தான் போட ஆரம்பித்தேன்.

முதல் குளியாளி நீங்கள்தான். தலையில்லாத ஒரு கறுப்புக் கட்டம். குதி என்றால் கடலுக்குள் போகாமல் நேரே வானத்துக்குப் போனீர்கள். கம்ப்யூட்டர் திரையில் இடத்தைக் குறிக்கிற எண், கீழே போகப் போகத்தான் கூடுமாம். ஆழத்துக்குப் போவதென்றால் கழிக்கவேண்டும் என்று நான் கழித்து வைத்திருந்தேன். பாவசங்கீர்த்தனம்கூடச் செய்யாமல் மனுசன் நேரே மோட்சத்துக்குப் போகிறாரே என்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் அழுதேன்.

அதைச் சரிசெய்து உங்களைக் கீழே இறக்கினால் அடுத்த வில்லங்கம். கடலின் அடியை வரையவேண்டும். அங்கே என்ன இருக்கும், அத்தான்? இத்தனை காலம் கூட வந்தும் நான் பார்த்ததெல்லாம் மேல்தண்ணீர்தான். கம்ப்ரஸர் ஓடுகிறதா, ஓஸ் குழாயில் காற்று போகிறதா, குமிழி வருகிறதா, கயிறு அசைகிறதா, அவ்வளவுதான் என் உலகம். கீழே என்ன பார்த்தீர்கள் என்று ஏன் ஒருநாளும் நான் கேட்கவில்லை?

வரைந்திருந்த மீன், பாறை எல்லாவற்றையும் அழித்தேன். தெரியாததை வரைவதைவிடத் தெரிந்ததை வைப்போம் என்று, விளையாடுகிறவனைக் கயிறு பிடிக்கிறவனாக மாற்றினேன். அவனுக்குக் குளியாளி தெரிய மாட்டான். குமிழி மட்டும் தெரியும். சீக்கிரம் இழுத்தால் சங்கு கிடைக்காது. எவ்வளவு நேரம் விட்டுவைப்பது என்பதுதான் விளையாட்டே. வள்ளத்தின் முன்பக்கத்தில், நம் வள்ளத்தில் இருந்த மாதிரியே, மெர்சி என்று எழுதி வைத்தேன்.

யார்டில் கூட வேலை பார்க்கிற சங்கரிடம் விளையாடக் கொடுத்தேன். "ஆளு சாவவே மாட்டேங்கானே அண்ணே. எப்ப இழுத்தாலும் சிரிச்சிட்டு ஏறி வாரான். இது என்ன கேமு?" என்று கேட்டுவிட்டான். அவன் சொன்னதில் தப்பில்லை. ரொம்ப நேரம் விட்டுவைத்தால் ஓஸில் காற்று நின்று குமிழியும் நிற்கவேண்டும், ஆள் சாகவேண்டும். ஒரே ஒரு வரிதான். எழுதுவேன், அழிப்பேன், வெளியே போய்ச் சாயா குடித்துவிட்டு வந்து மறுபடி எழுதுவேன். கடைசியில் அந்த வரியை இருக்க விட்டேன். எழுதினால் மட்டும் போதாது, வேலை செய்கிறதா என்று ஓட்டிப் பார்க்கவேண்டும். ஓட்டிப் பார்ப்பதென்றால், இழுக்காமல் இருக்கவேண்டும்.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குமிழி குறைந்து நின்றது. கயிறு தொய்ந்தது. ஒழுங்காக வருகிறதா என்று மறுபடி தொடங்கி, மறுபடியும் கையை மடியில் வைத்துக்கொண்டேன். மீன்குழம்பு கொண்டுவந்த அக்கா எனக்குப் பின்னால் எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. வள்ளத்தின் பெயரை அவள் படித்துவிட்டாள்.

"கயித்தக் கையில வச்சிக்கிட்டு, இழுக்காம பாத்துக்கிட்டு இருக்கியால?"

சோதனைதான், வெறும் கேம்தான் என்று என்னத்தையோ உளறினேன். கடல் ஒருநாளும் எடுக்காத மனுசனை முக்கிக் கொல்லுகிறாயே, நீயெல்லாம் ஒரு தம்பியா என்று கேட்டுவிட்டுக் குழம்புச் சட்டியோடு திரும்பிப் போய்விட்டாள்.

அதோடு பேச்சு நின்றது. பூசைக்குப் போனால் நான் இருக்கிற பக்கம் திரும்ப மாட்டாள். போன வாரம் அம்மாவிடம் சொல்லி அனுப்பினாள். அந்தக் கருமத்தை அழித்துவிட்டு வந்தால் அவன் கல்லறையில் நிற்கட்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

எனக்கும் கோபம் வந்தது, அத்தான். அவள் மட்டும்தான் உங்களை இழந்தாளா? உங்களோடு வள்ளத்தில் உட்கார எனக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதை அழி என்றால் எப்படி அழிக்க? ஆனால் ஊரே மெழுகுவர்த்தியோடு கல்லறையில் நிற்கும்போது நான் மட்டும் வெளி கேட்டில் நிற்பதா? உங்களைப் பற்றிப் பேச எனக்கு அக்கா ஒருத்திதானே இருக்கிறாள்?

இன்று மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கே போனேன். உன் கண் முன்னாலேயே அழிக்கிறேன், பார்த்துக்கொள் என்றேன். வீம்புக்குத்தான் சொன்னேன். மேசையில் திறந்து வைத்து, அழிக்கிற இடத்துக்கே போய்விட்டேன். அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழிக்கிறதுக்கு முன்னால் ஒரு தடவை காட்டு என்றாள். எதை அமுக்கினால் இழுக்கும் என்று கேட்டாள். அந்த நீளப் பொத்தான் என்றேன்.

நீங்கள் குதித்தீர்கள். உடனே இழுத்துவிட்டாள். வெறுங்கையோடு ஏறினீர்கள். அடுத்த தடவையும் அதே கதைதான். கொஞ்ச நேரத்துக்கு உங்களை நனையவே விடவில்லை. பிறகு ஒரு தடவை பொறுத்தாள். குமிழி நெருக்கமாக வந்தது, அப்புறம் இடைவெளி விட்டு வந்தது. ஜெபம் சொல்கிற மாதிரி அவள் உதடு அசைந்தது. இன்னும் இழுக்கவில்லை. எப்போது நிற்கும் என்று எழுதியவனே நான்தான். ஆனாலும் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினேன். நான் பிடிச்சிருக்கேன்லா என்று என் கையைத் தட்டிவிட்டாள்.

குமிழி நின்றுவிட்டது. படபடவென்று அமுக்கினாள். தொய்ந்த கயிறுதான் வந்தது.

நான் லேப்டாப்பை மூடப் போனேன். விடவில்லை. இனி என்ன செய்யும் என்று கேட்டாள். மறுபடி தொடங்கலாம் என்று சொல்லித் தொடங்கினேன். நீங்கள் ஓஸை வாயில் கவ்விக்கொண்டு வள்ளத்தின் விளிம்பில் நின்றீர்கள். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்துத்தான் உங்களைக் குதிக்க விட்டாள். இந்தத் தடவை குமிழி இடைவெளி விட்டதும் இழுத்தாள். உங்கள் தலை மேலே வந்தது, பை நிறையச் சங்கு. அப்போதுதான் அழுதாள். நீங்கள் செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

அந்தச் சாவு வருகிற வரியை மட்டுமாவது எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"லாரி அடிச்ச அந்த ரோட்டுல என் கையில ஒருத்தனும் கயித்தத் தரலையேலே. நீ தந்திருக்க. இருக்கட்டும்."

நாளைக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வருகிறோம். கேமை முடிப்பேன், அத்தான். அதில் சாவும் இருக்கும். ஆனால் அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, இனி ஒருநாளும் நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார மாட்டேன். சோதிக்காத இடத்தில் பிழை இருக்கும் என்று வீடியோவில் சொல்லித் தருகிறவன் தலைப்பாடாக அடித்துக்கொள்கிறான். இருந்துவிட்டுப் போகட்டும். நான் இழுத்துவிடுவேன்.

என்றும் உங்கள் மச்சினன்,
ஜெரோம்