புகை வராத விபத்து

கம்பெனியின் ஆண்டறிக்கை இன்று அச்சகத்திலிருந்து கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. மை வாசம் இன்னும் போகவில்லை. தகவல் பாதுகாப்புக்கென்று இந்த முறை இரண்டு முழுப் பக்கம். கமிட்டி, கொள்கை, பயிற்சி. பங்குச் சந்தை ஆணையம் கேள்வியைக் கூட்டியது, இவர்கள் பக்கத்தைக் கூட்டினார்கள். நீ இருந்திருந்தால் கெட்ட வார்த்தை சொல்லியிருப்பாய்.

போன வருசம், பட்டாசுப் பெட்டி அச்சடிக்கும் இதே கம்பெனியில் நீ கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டாய். நான் பங்குச் சந்தைக்குப் போகும் அறிக்கைகளைத் தயாரித்தேன். யாரோ சர்வருக்குள் புகுந்து தொழிலாளர்களின் ஆதார், வங்கிக் கணக்கு, வருகைப் பதிவுக்கு வைத்த கைரேகை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். காலாண்டு அறிக்கையில் ஒரு கேள்வி உண்டு: தகவல் திருட்டு ஏதும் நடந்ததா?

"இல்லைன்னு போடுலே. சீசன் நேரம், ஆர்டர் போயிரும்" என்றார் மேனேஜர் என்னிடம்.

"பட்டாசு ஆலை வெடிச்சா ஆமத்தூர் வரைக்கும் புகை தெரியும், சார். இதுல புகை வராது. அதுக்காக நடக்கலைன்னு ஆயிருமா?" என்றாய்.

மறைத்தால் அபராதம் என்று விதியைக் காட்டினேன். அதற்குத்தான் பயந்தார். ‘ஒரு சம்பவம் நேர்ந்தது, வணிகத்துக்குப் பாதிப்பில்லை’ என்று ஒரு வரி போனது. பங்கு வைத்திருப்பவனுக்குச் சொல்ல விதி இருந்தது. பெட்டி ஒட்டுகிற பெண்களுக்குச் சொல்வதைப் பற்றி அந்த விதியில் ஒரு சொல் இல்லை.

நீ சொன்னாய். சாயங்காலம் அவர்களை ஊருக்குக் கொண்டுபோகும் வேனடியில் நின்று, போனிலேயே ஆதார் கைரேகையைப் பூட்டும் வழியைக் காட்டினாய். அச்சங்குளத்து அக்கா ஒருத்தி கேட்டாள்: "அட்டை ஒட்டி ஒட்டி ரேகையே தேஞ்சு போச்சு. ரேசன் கடை மிசின்லயே விழ மாட்டேங்குது. அதைக் களவாண்டு என்னய்யா செய்வாக?"

எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "அவுகளுக்கு விழும்க்கா."

கம்பெனி ரகசியத்தை வெளியில் சொன்னதாக மறுநாளே உன்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது.

போன வாரம், சம்பளம் போடும் வெளி ஏஜென்சியில் மறுபடி தகவல் திருட்டு. "அது நம்ம சர்வர் இல்லை. அறிக்கையில வர வேண்டாம்" என்கிறார் மேனேஜர். விதியில் சந்து இருக்கிறதா என்று வக்கீலிடம் கேட்டிருக்கிறார். பதில் வரும்வரை நான் காத்திருக்கவில்லை. நேற்று வேனடியில் போய் நின்றேன்.

"போன தடவை சொன்ன தம்பி எங்கன?" என்று தாயில்பட்டிக்காரி ஒருத்தி கேட்டாள்.

"இறந்துட்டான்க்கா."

அவள் தன் போனை நீட்டினாள். "இதைப் பூட்டிக் குடுய்யா." பின்னால் இன்னும் சில போன்கள் நீண்டன. நீ காட்டிய மாதிரியே ஒவ்வொன்றாகச் செய்தேன். டிரைவர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்.

கம்பெனி கொடுத்த வேலை இந்த வாரத்தோடு போகலாம். நீ விட்டுப்போனது என்னிடம் இருக்கிறது.