நின்றபடி திறந்தால் கழலும் மூடி

அன்புள்ள அம்முவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, அந்த இருமல் விட்டு, நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். நீ சூப்பர்வைசரிடம் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்ன கடிதம் வந்து இருபத்து மூன்று நாள் ஆகிறது. இவ்வளவு தாமதமாக நான் உனக்குப் பதில் போட்டதே இல்லை. அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசியபோதெல்லாம் மழை வந்ததா, துணி காய்ந்ததா என்று கேட்டுவிட்டு வைத்தேன், சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. போனில் சொன்னால் நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய். இதை நீ கையில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை படிக்க வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுகிறவருக்கு மூன்றும் எட்டும் ஒன்றாகத் தெரிந்தால் ஊர் என்னவாகும் என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார். மாடி வீட்டுக் குழாய் ஒழுகி நம் சமையலறைச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, மூன்று முறை சொல்லியாயிற்று, தலையை ஆட்டுகிறார்கள், ஆள் வரவில்லை. சித்தி போன வாரம் வந்தாள், உன் போட்டோவைப் பார்த்துவிட்டு, நீ முன்னாடி போ, அவ பின்னாடி வரட்டும், யார் அம்மான்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க என்றாள். கல்லூரிக் கடைசி வருடப் பரீட்சையை உன்னை மூன்று மாதக் குழந்தையாக வைத்துக்கொண்டு எழுதியவளுக்கு இது பழகிய கேலிதான். ஆனால் வயது குறைந்த அம்மாவுக்குப் பயம் குறைச்சலாக இருக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். நீ இருக்கிற வீட்டுப் பின்கதவின் தாழ்ப்பாள் சரியானதா என்று நீ இன்னும் எழுதவில்லை. எழுது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டர்கள் வரிசை வரிசையாக நிற்கும் அந்தக் கூடத்தில், ஒரு மெஷினின் பிராசசரை மாற்ற, அது உட்காரும் சாக்கெட்டின் மூடியைத் திறந்தபோது மூடி கீலோடு கழன்று உள்ளே விழுந்து அடியிலிருந்த மெல்லிய கம்பிகளை நசுக்கிவிட்டது, போர்டு முழுவதும் வீண், சூப்பர்வைசர் விளக்கம் கேட்கிறார் என்று நீ முதலில் எழுதியிருந்தாய். அதோடு, அம்மா, உன் மூடிதான், உன் கம்பெனி முத்திரை பார்த்தேன் என்று வேடிக்கையாக ஒரு வரி. நான் அன்றைக்கே பதில் எழுதினேன். சின்ன வயதிலிருந்தே நீ கை அவசரக்காரி, எதையும் படாரென்று திறப்பவள், ஆறு மாதம் சோதனைக் காலம் முடியும்வரை வாயை மூடிக்கொண்டு மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிடு என்று. நீயும் அப்படியே என் கவனக்குறைவுதான் காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாய். இப்போது அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டுதான் ஆறாம் தேதி உன்னை வேலையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறார்கள். உன் கவனக்குறைவு இல்லை அம்மு. மூடி கழன்றது அதன் கீலை நான் வரைந்த விதத்தால்.

உனக்கு அதைத் திறந்து மூடத் தெரியும், அது எப்படி வந்தது என்று நான் சொன்னதில்லை. பழைய மாதிரியில் மூடியின் துளைகளையும் சட்டத்தின் துளைகளையும் நேராகப் பிடித்து ஒரு சிறு கம்பியைக் கட்டைவிரலால் உள்ளே தள்ள வேண்டும், அந்தக் கம்பிதான் கீல். எங்கள் தொழிற்சாலைப் பெண்கள் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு தடவை தள்ளுவார்கள். விரல் நுனி காய்த்து, வெடித்து, பிறகு மரத்தே போய்விடும். பாகங்களைப் பூட்டும் அசெம்பிளி வரிசைக்குத் தலைமை தாங்கும் நாலாம் மேசை அக்கா ஒருநாள் என்னை நிறுத்தி, ஏம்மா வரையறவளே, ஒரு நாளைக்கு வந்து தள்ளிப் பாரேன், அப்புறம் உன் கோடு தானா வேற மாதிரி வரும் என்றாள். போய்த் தள்ளினேன். அரை நாளில் என்னால் சட்டைப் பித்தான் போட முடியவில்லை. அதற்குப் பிறகுதான் கம்பியே இல்லாத கீலை வரைந்தேன். மூடிக்கு இரண்டு காது, சட்டத்தில் இரண்டு கொக்கி, கொக்கியின் வாய் மேல்பக்கம் திறந்திருக்கும். காதின் ஒரு பக்கத்தைத் தட்டையாகச் சீவிவிட்டேன். மூடியை நன்றாகப் பின்னால் சாய்த்துப் பிடித்தால் தட்டையான பக்கம் வாய்க்குள் நழுவி இறங்கும், மூடியைக் கீழே தாழ்த்தினால் காது திரும்பி உருண்டைப் பக்கம் மாட்டிக்கொள்ளும். விரலுக்கு வலி இல்லை, கருவி வேண்டாம், மூன்று நொடியில் ஒன்று முடியும். அக்கா முதல் நாள் பூட்டிப் பார்த்துவிட்டு, இது ஏதோ கல்யாணத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிருந்தா என் கைய நாலு பேர் புடிச்சிருப்பாங்க என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

உன் மன்னிப்புக் கடிதச் செய்தி வந்த மாலை அப்பா உன் முதல் கடிதத்தையும் எடுத்துப் புதுக் கண்ணாடியோடு உரக்கப் படித்தார். மெஷினைப் படுக்க வைக்க இடமில்லை, அதனால் நின்றபடியே திறந்தேன் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் நிறுத்தி, நின்னபடின்னா என்னடி, சாக்கெட் செவுத்துல இருக்கிற மாதிரியா என்று கேட்டார். நான் முதலில் படித்தபோது அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன். எங்கள் இடத்தில் போர்டு நிற்பதே கிடையாது. மேசை, தட்டு, பிடிமானம், என் கம்ப்யூட்டர் திரை, நாலாயிரம் தடவை திறந்து மூடிய சோதனை இயந்திரம், எல்லாவற்றிலும் அது படுத்தே கிடக்கும். படுத்திருக்கும்போது மூடியின் எடை காதைக் கொக்கிக்குள் அழுத்தி வைத்திருக்கும். எதைப் பூட்டு என்று நான் நினைத்திருந்தேனோ அது வெறும் எடைதான். என் பையிலிருந்த மாதிரி சாக்கெட் ஒன்றை எடுத்துக் கீல் மேலே இருக்கும்படி சாப்பாட்டு மேசைச் சுவரில் சாய்த்து நிறுத்தினேன். கொக்கியின் வாய் இப்போது மேலே பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. மெதுவாகத்தான் திறந்தேன். மூன்றாவது தடவை மூடி நழுவி நேராக அடியிலிருந்த மெல்லிய கம்பிகள் மேல் விழுந்தது. அப்பா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாளே போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நான்கு நாள் சொல்லவில்லை. சொன்னால் என் கீலை நிறுத்துவார்கள், பெண்கள் பழையபடி கம்பியைத் தள்ள வேண்டும், இதை ஒரு காரணமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்தான். வரைபடத்தில் என் பெயர் இருப்பதும் ஒரு காரணம், அதையும் எழுதிவிடுகிறேன். ஐந்தாம் நாள் தரப் பரிசோதகரிடம் போனேன். அவரை நாங்கள் சந்தேகம் என்றுதான் கூப்பிடுவோம், எதைக் கொடுத்தாலும் சந்தேகமா இருக்கே என்பார், டீயைக்கூட இரண்டு முறை தொட்டுப் பார்த்துத்தான் குடிப்பார். காரணம் சொல்லாமல், இதை நிற்க வைத்து நாற்பது தடவை திறங்கள் என்றேன். நாலாம் மேசை அக்காவையும் தனியாக நாற்பது தடவை திறக்கச் சொன்னேன். என் கை பட வேண்டாம், உனக்காக நான் கணக்கைக் கூட்டினேன் என்று பிறகு யாரும் சொல்லிவிடக் கூடாது என்று வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். அவரிடம் பதினான்கு தடவை விழுந்தது, அக்காவிடம் பத்தொன்பது. பரிசோதகர் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்து, பதினெட்டு வருஷத்துல முதல் தடவையா எனக்குச் சந்தேகமே இல்லம்மா என்றார்.

மேனேஜர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, வெளியிலேர்ந்து யாராவது புகார் சொன்னாங்களா என்று கேட்டார். என் மகள் என்றேன். பேனாவைக் கீழே வைத்தார். ஓகோ, பொண்ணக் காப்பாத்தத்தான் இவ்வளவும் நடக்குதா என்றார். அவ சொல்லித்தான் தெரிஞ்சுது சார், மூடி யார் திறந்தாலும் விழுது, நீங்களும் திறந்து பாருங்க என்றேன். திறந்தார். இரண்டாம் தடவையே விழுந்தது. அதற்குப் பிறகு மகள் பேச்சு வரவில்லை. வாங்கிய எல்லாருக்கும் எச்சரிக்கை நோட்டீஸ் போயிருக்கிறது, பரிசோதகர் கையெழுத்தோடு. அடுத்த சாக்கெட் வேலையை வேறொருவரிடம் கொடுத்திருக்கிறார்கள். இதைத் திருத்தும் வேலை மட்டும் என்னிடம். கொக்கியின் உதட்டில் நாக்கு மாதிரி ஒரு சிறு ஸ்பிரிங் வைக்கிறேன், காது உள்ளே போகும்போது வழிவிடும், திரும்பி வர விடாது. அரை நொடி கூடுதலாகும் என்று அக்காவிடம் தயங்கிச் சொன்னேன், அரை நொடியா, நான் கொட்டாவி விட்டாலே அதைவிட ஜாஸ்தி ஆகுமே என்றாள். ஆனால் அச்சு திருத்தி வர ஆறு வாரம், அதுவரைக்கும் பழைய கம்பிதான். விரலில் துணி சுற்றிக்கொண்டு தள்ளுகிறார்கள். அக்கா பேசுகிறாள், அவள் பக்கத்து மேசைக்காரி என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். திருப்பட்டும், விரல் அவளுடையது.

இதோடு நோட்டீஸின் பிரதியும் சோதனைக் காகிதமும் வைத்திருக்கிறேன். உன் கம்பெனிக்கும் தனியாகப் போயிருக்கிறது, ஆனால் அங்கே எந்த மேசையில் தூங்குகிறதோ தெரியாது, அதனால் நீயே கொண்டுபோய்க் கொடு. கொடுத்துவிட்டு, நீ எழுதிக் கொடுத்த மன்னிப்பைத் திருப்பிக் கேள். சண்டை போடாமல், அழாமல், உட்கார்ந்து கேள். தரமாட்டேன் என்றால், முன்னால் எழுதியது சரியில்லை என்று ஒரு வரி எழுதி அதோடு சேர்த்து வைக்கச் சொல். அதன்பிறகும் வேண்டாம் என்றார்களானால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வா, உன் அறை அப்படியேதான் இருக்கிறது. கை அவசரக்காரி என்று நான் எழுதிய கடிதம் உன்னிடம் இருந்தால் கிழித்துப் போடு. நாற்பது தடவையில் பதினான்கு தடவை விழுந்த ஒன்றை நீ ஒரே தடவை திறந்திருக்கிறாய். நீ எழுதியதை முழுசாகப் படிக்காமல் உனக்குப் புத்தி சொன்னேன், அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அம்மாவாயிற்றே, பரவாயில்லை என்று நீ பதில் எழுத வேண்டாம்.

புது மூடி வரும்வரை எந்த மெஷினையும் நிற்க வைத்துத் திறக்காதே. இடமில்லை என்று யார் அவசரப்படுத்தினாலும் தரையிலாவது படுக்க வைத்துத் திற. இருமலுக்கு டாக்டரைப் பார், தாழ்ப்பாளைப் பற்றி எழுது. அப்பா உன் தலையில் கை வைத்ததாக எழுதச் சொன்னார். நீ நன்றாக இருப்பாய், எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. ஆறாம் தேதி உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அப்படியானால் தவறு யாருடையது என்று கேட்டால், தடுமாறாதே. வரைந்தவள் பெயர் நோட்டீஸின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது, அதைக் காட்டு. அவள் உனக்கு யார் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் மறைக்கவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா