அலங்காநல்லூருக்கு மூன்றாம் நாள்

சமையலறை டப்பாக்களில் பெயர் எழுதலாம் என்று இன்று காலை ஒரு மார்க்கர் பேனா வாங்கி வந்தேன். மல்லித்தூளும் சாம்பார்ப்பொடியும் ஒரே நிறத்தில் இருந்துகொண்டு தினமும் என்னை ஏமாற்றுகின்றன. மூடியைத் திறந்ததும் அந்த ஸ்பிரிட் வாசனை குப்பென்று ஏறியது. அவ்வளவுதான், மல்லித்தூளை மறந்து அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மில்லின் கம்ப்யூட்டர் அறையில் நீ என் பக்கத்தில் குனிந்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, புரொஜெக்டருக்கான கண்ணாடித்தாளில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாய்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் வீட்டுக்கு வந்து அழுதேன், உன் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். உன்னிடம் பேச வேண்டியதைப் பேசவில்லை. உயிரோடு இருந்தபோது சொல்லியிருந்தால் "போடி, வேலையப் பாரு" என்று சிரித்திருப்பாய். இப்போது உன்னால் அப்படிச் சொல்ல முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்த அறை உனக்கு ஞாபகம் இருக்குமே. எண்பதுகளின் நடுவில் மதுரையில் கம்ப்யூட்டர் என்றால் ஜனங்கள் சினிமாவில் பார்த்தது மட்டும்தான். நம் நூல் மில்லில் அதற்கென்று ஒரு குளிர் அறை கட்டி, செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். ஆயுதபூஜைக்கு அதன் நெற்றியில் சந்தனம் வைத்ததும், சந்தனம் காற்றுத் துளைக்குள் இறங்கிவிடுமோ என்று மேனேஜர் சார் பதறியதும் வேறு கதை. கணக்குப் பட்டம் வாங்கிய நாம் இரண்டு பேரும்தான் அங்கே புரோகிராம் எழுதுகிறவர்கள். நீ அலங்காநல்லூரிலிருந்து வருவாய், நான் திருவாதவூரிலிருந்து. வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே நாம் சேலை முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ஆட்களுக்கு ஷிப்டும் லீவும் ஒதுக்குகிற புரோகிராமைத்தான் நமக்கு முதலில் தந்தார்கள். மில் பொங்கலுக்குக்கூட நிற்கக் கூடாது. பொங்கல் மூன்று நாளில் ஆளுக்கு ஒரு நாள் லீவு, எந்த நாள் யாருக்கு என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லும். நாமும் டோக்கன் நம்பர் வரிசைப்படி சமமாகப் பங்குபோட்டு, பெருமையாக அச்சடித்துக் கொடுத்தோம். அந்தப் பொங்கலுக்கு மில் பாதி நின்றுபோனது.

நம் ஊரில் பொங்கல் வைத்துவிட்டுக்கூட ஆள் வேலைக்கு வந்துவிடுவான். தன் ஊரில் ஜல்லிக்கட்டுக்கு மாடு அவிழ்த்துவிடுகிற நாளில் மட்டும் வரமாட்டான். அவனியாபுரத்துக்கு முதல் நாள், பாலமேட்டுக்கு இரண்டாம் நாள், அலங்காநல்லூருக்கு மூன்றாம் நாள். நம் கம்ப்யூட்டரோ அலங்காநல்லூர்க்காரனுக்கு முதல் நாள் லீவு கொடுத்தது. அவன் அதையும் எடுத்துக்கொண்டான், மூன்றாம் நாளும் வரவில்லை. ஸ்பின்னிங்கில் வேலை பார்த்த ஒரு அண்ணன் நம் அறை வாசலில் வந்து நின்று, "ஏத்தா, உங்க மெசினு எந்த ஊருன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. உனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஆளுக்கு ஊர் பேரையும் சேத்துருவோம்டி. எந்த ஊருக்கு எந்த நாளுன்னு ஒரு அட்டவணை போட்டுட்டா முடிஞ்சுபோச்சு. அவங்க ஊருல மாடு ஓடயில இவங்க வேலை பாக்கட்டும், இவங்க ஊருல ஓடயில அவங்க பாக்கட்டும்."

"மாடு விடாத ஊருக்காரங்க?"

"உங்க ஊரு மாதிரியா? உங்களத்தான் மூணு நாளும் போட்டு நெரப்பணும்" என்றாய்.

அடுத்த பொங்கலுக்கு ஒரு மெஷின்கூட நிற்கவில்லை. மேனேஜர் சாருக்குத் தலைகால் புரியவில்லை. தென் மாநிலங்களின் கம்ப்யூட்டர் ஆட்கள் கூடுகிற கான்பரன்ஸ் அந்தத் தடவை மதுரையில் ஒரு கல்லூரியில் நடக்கப்போகிறது என்றும், இதைப் பற்றி நாம் பேசலாம் என்றும் அவர்தான் எழுதிப் போட்டார். பேச ஒருத்தருக்குத்தான் இடம். அது யார் என்று நாம் பேசிக்கொள்ளவே இல்லை, நீதான். எனக்கு நாலு பேர் முன்னால் நின்றால் பெயரே மறந்துபோகும். நீயோ மதியச் சாப்பாட்டு நேரத்தில் லைன் பிரிண்டர் முன்னால் நின்று, அது கடகடவென்று அடிக்கிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "ரெஸ்பெக்டட் சேர்மன்" என்று ஆரம்பித்துப் பழகினாய். கட்டிக்கொள்ளப் போகிற சுங்குடிச் சேலையைக்கூட எனக்குக் காட்டிவிட்டாய். கல்யாணத்துக்குச் சேலை எடுத்தபோதுகூட உன் முகத்தில் நான் அந்த வெளிச்சத்தைப் பார்க்கவில்லை.

அழைப்பிதழில் அதற்கடுத்த ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று போட்டிருந்தது. வெளியூர்க்காரர்கள் குறித்த தேதி. பொங்கலுக்கு மறுநாளும் தாண்டிவிட்டது, லீவெல்லாம் முடிந்திருக்கும் என்று அவர்கள் கணக்கு. நாமும் சரியென்று தலையாட்டிவிட்டோம். கண்ணாடித்தாள் எல்லாம் எழுதி முடித்த அன்றைக்கு, நீ உன் அட்டவணையைச் சரிபார்க்க விரலை வைத்தாய். அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய்.

"ஏடி, அந்தச் சனிக்கெழம தை மூணுடி."

எந்த ஊருக்கு எந்த நாள் என்று மில்லுக்கே சொல்லிக்கொடுத்தவர்கள் நாம். நம் நாளை நாம் பார்க்கவில்லை. ஊரே வந்து குவிகிற நாளில், அதுவும் உன் அண்ணன் காளை அவிழ்க்கிற வருஷத்தில், அலங்காநல்லூர்ப் பெண் ஒருத்தி வீட்டை விட்டுக் கிளம்பி ஊருக்கு வெளியே வர வேண்டும். அன்று நாம் சிரித்த சிரிப்பில் மேனேஜர் சார் எழுந்து வந்து பார்த்தார். சிரித்து முடித்ததும் உன் முகம் வாடிவிட்டது. "காளைக்குப் பொட்டு வச்சுட்டு மொத பஸ்ஸுக்கே வாரேன். நீ தாளெல்லாம் எடுத்துட்டு வந்துரு" என்றாய்.

கான்பரன்ஸ் அன்று குத்துவிளக்கு ஏற்றினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், ஆளுக்கு ஒரு ரெக்சின் பை கொடுத்தார்கள். நான் வாசல் பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ இடைவேளை முடிந்தது, நீ வரவில்லை. உள்ளூர் ஆட்கள் பாதிப்பேர் வரவில்லை என்று ஒருவர் வருத்தப்பட்டார். அவர்கள் எங்கே இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நம் முறை வந்ததும் மைக்கில் உன் பெயரைச் சொன்னார்கள். மேனேஜர் சார் திரும்பி என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் எழுந்து போனேன்.

புரொஜெக்டரின் விளக்குச் சூடு முகத்தில் அடித்தது. முதல் தாளை வைத்து, நீ எழுதியதை அப்படியே வாசித்தேன். இரண்டாவது தாளையும் வாசித்தேன். அது உன் இங்கிலீஷ், என் வாயில் நிற்கவில்லை. முன்வரிசையில் கோட்டு போட்டிருந்த ஒருவர் கையைத் தூக்கி, இங்கிலீஷில் நீளமாக ஏதோ கேட்டார். வார்த்தை ஒவ்வொன்றும் புரிந்தது, சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. பதிலுக்கு இரண்டாவது தாளையே மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். தலைமை வகித்த பேராசிரியர் நல்ல மனிதர். "இட்ஸ் ஆல் ரைட், யூ மே சிட் டவுன்" என்று மெதுவாகச் சொன்னார். நான் தாள்களை அடுக்க ஆரம்பித்தேன். இனி இந்த ஜென்மத்தில் மேடைப் பக்கம் வரக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தும்விட்டேன்.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது.

"எனக்கு ஒரு சந்தேகம். தமிழ்ல கேக்கலாங்களா?"

நிமிர்ந்து பார்த்தேன். சுங்குடிச் சேலை முழுக்கப் புழுதி. தலையில் கரும்புச் சோகைத் துணுக்கு ஒட்டியிருந்தது. பஸ் ஒன்றும் ஊரை விட்டு வெளியே வர முடியாமல், ஆலையில் கரும்பை இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் ஏறி வந்தாய் என்று பிறகுதான் தெரிந்தது. பேராசிரியர் கேளுங்கள் என்று கையைக் காட்டினார்.

"ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நாள் லீவு சரிங்க. அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு எல்லா ஊருக்கும்ல லீவு வேணும்? அன்னைக்கு உங்க புரோகிராமு என்ன பண்ணும்?"

நீ யாரோ போலக் கேட்டாய். முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. அந்தக் கேள்விக்கான வரியை எழுதியவளே நீதான். எழுதிவிட்டு அன்றைக்கு என்னைக் கூப்பிட்டுக் காட்டி, இரண்டு பேரும் சிரித்திருந்தோம். அரங்கத்திலும் ஒரு சிரிப்பு ஓடியது. மதுரைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

என்னை அறியாமல் தமிழில் சொன்னேன்.

"அன்னைக்கு மட்டும் ஒரே வரிதாங்க. யாரையும் கூப்பிடாதே, மில்ல மூடு."

கைதட்டினார்கள். கோட்டு போட்டவர் பக்கத்தில் இருந்தவரிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டு அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு எனக்குத் தாள் தேவைப்படவில்லை. டோக்கன் வரிசையில் பங்குபோட்டு மில் நின்றதைச் சொன்னேன், அந்த அண்ணன் வாசலில் வந்து கேட்டதைச் சொன்னேன், கடைசியாக இன்றைக்கே உள்ளூர் நாற்காலிகள் ஏன் காலியாக இருக்கின்றன என்பதையும் அட்டவணையைக் காட்டிச் சொன்னேன். தேதி குறித்தவர்களே விழுந்து விழுந்து சிரித்தார்கள். தமிழும் இங்கிலீஷும் கலந்து, எப்படி வாய்க்கு வந்ததோ அப்படிப் பேசினேன். கோட்டுக்காரர் கேட்டதற்கும் பதில் சொன்னேன். மேடையை விட்டு இறங்கியபோது எனக்குக் கால் தரையில் இருந்ததா என்று தெரியவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். உன் இலையில் சோறு விழுந்தது, நீ பசியில் சாப்பிட ஆரம்பித்துவிட்டாய். எனக்குத்தான் இறங்கவில்லை.

"ஏன்டி மேல வரல? உன் பேரைத்தான கூப்ட்டாங்க. நீ வந்திருந்தா நான் எறங்கியிருப்பேன்ல?"

நீ ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னாய்.

"அதான் வரல. அப்படி எறங்கியிருந்தீன்னா பெறகு எந்தக் காலத்துலடி ஏறப் போற?"

சொல்லிவிட்டு, உன் அண்ணன் காளை பிடிபடாமல் போயிருக்குமா என்று கவலைப்பட ஆரம்பித்துவிட்டாய்.

அதற்குப் பிறகு நீயும் எவ்வளவோ மேடைகள் ஏறினாய். கோயம்புத்தூரில், திருச்சியில், ஒரு தடவை பெங்களூரில். எல்லா இடத்திலும் ஜமாய்த்தாய், நான் கைதட்டினேன். ஆகவே உனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொள்ளலாம். ஆனால் சொந்த ஊரில், லைன் பிரிண்டர் முன்னால் அத்தனை நாள் பழகிய அந்த முதல் பேச்சு உன்னுடையது. லாரியில் புழுதி குடித்துக்கொண்டு அதற்காகத்தான் வந்தாய். வந்து வாசலில் நின்று பார்த்த ஒரு நிமிஷத்தில் அதை எனக்குக் கொடுத்துவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாய். நான் அதற்கு உனக்கு நன்றி சொன்னதில்லை. தோழிகளுக்குள் நன்றி என்ன என்று இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். நான் சந்தோஷமாகத்தான் வாழ்ந்தேன், அதில் பாதி அந்தச் சனிக்கிழமையில் ஆரம்பித்தது.

இப்போதெல்லாம் நம் மதுரையில் மாதத்துக்கு ஒரு கூட்டமாவது நடக்கிறது. சாப்ட்வேர் எழுதுகிற பிள்ளைகள் மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பைக்கில் வந்து இறங்குகிறார்கள். அவர்கள் பேசுவதில் பாதி எனக்குப் புரிவதில்லை, இருந்தாலும் போகிறேன். முன்வரிசையில் உட்காரச் சொல்லி வற்புறுத்துவார்கள். முழங்கால் வலி, நடுவில் எழுந்து போக வேண்டியிருக்கும் என்று பொய் சொல்லிவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய்விடுவேன். முதல் தடவை பேச வந்த பிள்ளை எது என்று நிற்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். அது வார்த்தை வராமல் திணறி, தாளை மடிக்கப் போகிற நேரம் பார்த்துக் கையைத் தூக்குவேன். தமிழில்தான் கேட்பேன். அந்தப் பிள்ளைக்கு நிச்சயமாகப் பதில் தெரிந்த ஒன்றை, எனக்குத் தெரியாதது போல.